எச்சம் கற்பிப்போம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஞாயிறு வகுப்பு ஆசிரியர்கள் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரை)



விழாக் குழுவினர் நம்மிடம் தமிழின் பெருமையைப் பற்றிப் பேச வேண்டும் என்றுதான் முதலில் கேட்டார்கள். பெருமை பேச வல்ல பெரியோர் இம்மேடையில் பலர் இருக்கிறார்கள். ஞாயிறுதோறும் காலையில் முப்பது குழந்தைகளை உட்காரவைத்துப் பாடம் சொல்லும் நமக்கு அவ்வளவு பெரிய பொருள் கைவராது. ஆகவே மிகச் சிறியது ஒன்றை எடுத்துக்கொண்டோம். ஒரு வாக்கியத்தை இன்னொரு வாக்கியத்தோடு சேர்த்துச் சொல்லக் குழந்தைக்கு எப்படிக் கற்பிப்பது என்பதே அது. இலக்கண நூலார் இதைக் கலவை வாக்கியம் என்பர். பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாம், செய்தி எளியது. ஆனால் நம் வீடுகளில் பாட்டிக்கும் பேரனுக்கும் இடையே பேச்சு நீடிக்குமா, நின்றுபோகுமா என்பது இந்தச் சிறிய செய்தியைப் பொறுத்திருக்கிறது என்று நாம் கருதுகிறோம்.

டில்லியிலே பிறந்து வளரும் நம் குழந்தை ஊரிலிருக்கும் பாட்டியோடு தொலைபேசியில் பேசுவதைச் சற்றே கவனித்துக் கேளுங்கள். "நல்லா இருக்கேன் பாட்டி. சாப்பிட்டேன். ஸ்கூல் போனேன். நாளைக்குப் பரீட்சை." ஒவ்வொன்றும் பிழையற்ற தமிழ். பாட்டிக்கு மகிழ்ச்சி. அடுத்து அவர் கேட்கிறார்: "பொங்கலுக்கு ஏன் கண்ணு வரலே?" குழந்தை திகைத்து நிற்கிறது. "வரலே... க்யோங்கி..." என்று தொடங்கி, "அம்மா, நீயே சொல்லு" என்று தொலைபேசியைத் தாயின் கையில் கொடுத்துவிட்டு ஓடிவிடுகிறது. பரீட்சை என்ற சொல் அதற்குத் தெரியாதா? ரயில், டிக்கெட், கிடைக்கவில்லை என்ற சொற்கள் தெரியாதா? எல்லாம் தெரியும். "டிக்கெட் கிடைக்காததால் வரவில்லை" என்று அவற்றைக் கோக்கும் நூல்தான் தெரியவில்லை.

ஆர். கே. புரத்திலும் கரோல் பாகிலும் மயூர் விஹாரிலும் உள்ள வீடுகளில் நாம் பலமுறை கண்ட உண்மை இது: நம் குழந்தைகள் தமிழைவிட்டு இந்திக்கோ ஆங்கிலத்துக்கோ தாவும் இடம் பெரும்பாலும் அரிய சொல் வேண்டப்படும் இடம் அன்று, காரணம் சொல்ல வேண்டிய இடம், நிபந்தனை சொல்ல வேண்டிய இடம், பிறர் சொன்னதை எடுத்துச் சொல்ல வேண்டிய இடம். செய்தி சொல்வதற்குத் தனி வாக்கியம் போதும். மன்னிப்புக் கேட்பதற்கும், வாதாடுவதற்கும், ஆறுதல் கூறுவதற்கும், வாக்குக் கொடுப்பதற்கும் போதாது. "வரவில்லை" என்று மட்டும் சொன்னால் அது பாட்டியின் காதில் முரட்டுத்தனமாக விழும். குழந்தை முரடன்று; இணைப்பு இல்லாத தமிழ்தான் முரடாக ஒலிக்கிறது.

ஏன் இவ்வாறு நேர்கிறது? பள்ளியில் நாள்தோறும் பயிலும் இரு மொழிகளிலும் இணைப்பு என்பது ஒரு தனிச்சொல். ஆங்கிலத்தில் 'பிகாஸ்', 'இஃப்', 'வென்', 'ஆல்தோ'. இந்தியில் 'க்யோங்கி', 'அகர்', 'ஜப்', 'ஹாலாங்கி', 'கி'. வாக்கியங்கள் இரண்டும் தத்தம் உருவில் நிற்க, இந்தச் சொற்கள் கொக்கி போல வந்து அவற்றைப் பிணைக்கும். ஆகவே அம்மொழிகளில் ஆசிரியர் ஒரு பட்டியலைக் கரும்பலகையில் எழுதிப்போட்டுப் பாடத்தைத் தொடங்கிவிடலாம். தமிழில் அப்படிப் பட்டியலைத் தேடும் குழந்தை ஏமாந்து போகிறது. தமிழில் இணைப்பு பெரும்பாலும் சொல்லுக்கு வெளியே இல்லை. வினையின் ஈற்றிலேயே இருக்கிறது. பெய்தது என்பது முடிந்த வினை. பெய்து, பெய்ய, பெய்தால், பெய்ததால், பெய்தும், பெய்தாலும் என்று அதன் கடைசிப் பகுதி மாறும்போது, இன்னும் ஏதோ வரப்போகிறது என்று கேட்பவர் தெரிந்துகொள்கிறார்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. ஆங்கிலத்தில் "நான் வரவில்லை" என்று சொல்லி முடித்துவிட்டு, பிறகு மெதுவாகக் காரணத்தைத் தேடிச் சேர்க்கலாம். தமிழின் இயல்பான ஒழுங்கில் காரணம் முன்னே வரும். முடிவு பின்னே வரும். முதல் வினையின் ஈற்றைச் சொல்வதற்குள்ளாகவே, அடுத்து வரப்போவது காரியமா, நிபந்தனையின் பயனா, தடையை மீறிய செயலா என்பதைக் குழந்தை முடிவு செய்துவிட வேண்டும். "மழை பெய்..." என்று வாய் திறந்தபோதே மனம் ஒரு வாக்கியம் முன்னே சென்றிருக்க வேண்டும். எட்டு வயதுக் குழந்தைக்கு இது சிறிய வேலை அன்று. அது தடுமாறும்போது தமிழ் வராத குழந்தை என்று நாம் எண்ணிவிடுகிறோம். உண்மையில் அது யோசித்துக்கொண்டிருக்கிறது.

"ஏனென்றால் என்ற சொல் தமிழில் இல்லையா?" என்று ஓர் அன்பர் சென்ற மாதம் நம்மைக் கேட்டார். இருக்கிறது, நல்ல சொல்லே. அதைத் தடை செய்ய வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. தொடக்கத்தில் குழந்தை "நான் வரவில்லை, ஏனென்றால் மழை பெய்தது" என்று சொன்னால் கைதட்டி ஏற்றுக்கொள்ள வேண்டும். காரணம் சொல்ல முன்வந்ததே பெரிது. ஆனால் அந்த ஓர் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டே நெடுந்தூரம் நடக்க முடியாது. தம் பேச்சிலே 'பிகாஸ்', 'ஸோ', 'பட்' என்ற மூன்றையும் அள்ளித் தூவுகின்ற பெற்றோர்கள் இந்த வகையில் குழந்தையைக் குறை கூறுவதும் முறையன்று.

நம் இலக்கண ஆசிரியர்கள் முற்றுப்பெறாத இவ்வினை வடிவங்களுக்கு எச்சம் என்று பெயரிட்டார்கள். எஞ்சி நிற்பது எச்சம். வினை கொண்டு முடிவது வினையெச்சம். பெயர் கொண்டு முடிவது பெயரெச்சம். தொல்காப்பியர் வினையெச்சத்திற்குச் செய்து, செய்தென, செயின், செய முதலாக ஒன்பது வாய்பாடுகள் கூறினார். நன்னூலார் பன்னிரண்டு கூறினார். இவற்றுள் பல இன்று வழக்கிலே இல்லை. இருப்பவை நம் வீட்டுப் பேச்சில் நாள்தோறும் ஒலிக்கின்றன. மேலைநாட்டு அறிஞராகிய கால்டுவெல்லும் 1856இல் வெளியிட்ட தம் ஒப்பிலக்கணத்தில், திராவிட மொழிகள் தொடர்பு காட்டும் பிரதிப் பெயர்களைக் கொள்ளாமல் பெயரெச்சங்களைக்கொண்டே அந்த வேலையைச் செய்கின்றன என்பதை இம்மொழிகளின் தனி இயல்புகளுள் ஒன்றாக எடுத்துக் காட்டினார். எச்சம் என்னும் சொல்லுக்கு மக்கட்பேறு என்ற பொருளும் உண்டு என்பதை நீங்கள் அறிவீர்கள். தலைப்பை அமைக்கும்போது அதுவும் நம் நினைவில் இருந்தது.

இனி வகுப்பறைக்குள் வருவோம். எந்த எச்சத்திலிருந்து தொடங்குவது? 'செய்து' என்னும் வாய்பாட்டிலிருந்துதான். "எழுந்தேன். பல் தேய்த்தேன். பால் குடித்தேன். பள்ளிக்குப் போனேன்" என்று எழுதும் குழந்தையை, "எழுந்து, பல் தேய்த்து, பால் குடித்துப் பள்ளிக்குப் போனேன்" என்று எழுதச் செய்கிறோம். நான்கு முற்றுகள் போய் ஒரே முற்று நிற்கிறது. குழந்தைகளுக்கு இது விளையாட்டாக இருக்கிறது. யார் மிக நீண்ட சங்கிலி கோப்பது என்று போட்டி வைத்தால் பதினைந்து வினைவரை போகிறார்கள், மூச்சு வாங்குகிறது, வகுப்பே சிரிக்கிறது.

சங்கிலி கோத்துப் பழகியவுடன் ஒரு பிழை தலைகாட்டும். "அப்பா வந்து நாங்கள் சாப்பிட்டோம்" என்று ஒரு சிறுமி எழுதுகிறாள். வந்தவர் அப்பா; சாப்பிட்டவர்கள் நாங்கள். செய்து என்னும் எச்சம், அதைச் செய்தவரே அடுத்த வினையையும் செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கும். ஆள் மாறினால் எச்சமும் மாற வேண்டும்: "அப்பா வந்ததும் நாங்கள் சாப்பிட்டோம்", "அப்பா வந்தபின் சாப்பிட்டோம்". இதைத் தொல்காப்பியர் தெளிவாக வகுத்திருக்கிறார். "மழை பெய்து குளம் நிறைந்தது என்று சொல்வதில்லையா?" என்று பெரியவர்கள் கேட்கக்கூடும். சொல்கிறோம், அதற்கும் இலக்கணிகள் வழி வைத்திருக்கிறார்கள். முதலில் விதி, பிறகு விலக்கு என்பதே நம் வகுப்பின் கொள்கை. ஒரு பையன் மட்டும் விடாமல், "மாடு கால் ஒடிந்து விழுந்தது என்று பாடத்தில் இருக்கிறதே, ஒடிந்தது கால், விழுந்தது மாடு அல்லவா?" என்று மடக்கினான். சினையின் வினை முதலின் வினையோடு முடியலாம் என்று தொல்காப்பியரே அவனுக்கு விடை சொல்லி வைத்திருக்கிறார் என்று கூறினோம். அன்று முதல் அவனுக்குத் தொல்காப்பியர் மேல் ஒரு மதிப்பு.

அடுத்து வருவது நம் பாடத்தின் நடுநாயகம். பெய்தால், பெய்ததால் என்ற இரண்டையும் பாருங்கள். நடுவிலே நிற்கும் ஒரு தகரம்தான் வேறுபாடு. முன்னது நிகழாத ஒன்றைப் பற்றிய நிபந்தனை. பின்னது நிகழ்ந்துவிட்ட ஒன்றைப் பற்றிய காரணம். ஓர் எழுத்து பிறழ்ந்தால் உலகமே மாறிவிடுகிறது. "தாத்தாவுக்கு உடம்பு சரியானதால் ஊருக்கு வருவோம்" என்று கடிதம் வந்தால் வீட்டில் மகிழ்ச்சி. "சரியானால் வருவோம்" என்று வந்தால் கவலை. இந்த வேறுபாட்டைக் கேட்டுணரும் ஆற்றல் நம் குழந்தைகளுக்கு உண்டு, எழுதும்போதுதான் தவறுகிறது. இவ்விரண்டோடு இரண்டு உம்மைகளைச் சேர்த்தால் நான்கு ஆகும்: பெய்தால், பெய்ததால், பெய்தாலும், பெய்தும். "மழை பெய்தாலும் ஆட்டம் நடக்கும்" என்பது மழை வரலாம், வராமலும் போகலாம் என்ற நிலையில் சொல்வது. "மழை பெய்தும் குளம் நிறையவில்லை" என்பது மழை பெய்துவிட்ட பிறகு சொல்வது. அதிலே ஓர் ஏமாற்றமும் ஒலிக்கிறது. "படித்தும் மதிப்பெண் வரவில்லை" என்று ஒரு சிறுவன் சொல்லும்போது அந்த உம்மையின் சுமை நமக்குத் தெரிகிறது அன்றோ?

இந்த நான்கையும் பழக்க நாம் கையாளும் முறையைச் சொல்வதற்கு முன், கடல் கடந்து ஒரு பள்ளிக்குச் சென்று வருவோம். நியூயார்க் நகரத்தைச் சேர்ந்த ஸ்டேட்டன் தீவில் நியூ டார்ப் என்னும் உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. மாணவர் பலர் எழுத்துத் தேர்வில் பின்தங்கியதன் காரணத்தை அங்குள்ள ஆசிரியர்கள் ஆராய்ந்தார்கள். ஸ்டைன்பெக்கின் ஒரு கதையைப் படித்த மாணவர்களிடம் 'ஆல்தோ ஜார்ஜ்' என்ற இரண்டு சொற்களைக் கொடுத்து வாக்கியத்தை முடிக்கச் சொன்னபோது, ஜார்ஜும் லென்னியும் நண்பர்களாக இருந்தபோதிலும் என்ற பொருளில் எழுதிவிட்டு அங்கேயே முற்றுப்புள்ளி வைத்தவர்கள் இருந்தார்கள். கதை புரியாமலில்லை, ஒன்றை ஒப்புக்கொண்டே மற்றொன்றை மறுக்கும் வாக்கிய வடிவம் அவர்கள் கையில் இல்லை. ஜூடித் ஹாக்மன் என்னும் கல்வியாளரின் முறையைத் தழுவி, எல்லாப் பாடங்களிலும் அப்பள்ளி வாக்கியப் பயிற்சி கொடுத்தது. அதனால் விளைந்த முன்னேற்றத்தை 2012இல் 'அட்லாண்டிக்' என்ற இதழ் விரிவாக எழுதிற்று. ஹாக்மனும் நடாலி வெக்ஸ்லரும் எழுதிய நூல் 2017இல் வெளிவந்தது. அம்முறையின் உயிர்நாடி மிக எளிய ஒரு பயிற்சி. ஒரே தொடக்கத்தைக் கொடுத்து, அதை 'பிகாஸ்' என்று ஒருமுறை, 'பட்' என்று ஒருமுறை, 'ஸோ' என்று ஒருமுறை முடிக்கச் சொல்வது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளுக்கே இது வலிந்து கற்பிக்க வேண்டியிருக்கிறது என்றால், மூன்று மொழிகளுக்கு நடுவே வளரும் நம் குழந்தைகளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

அந்தப் பயிற்சியை அப்படியே தமிழில் வைக்க முடியாது. அங்கே தொடக்கம் மாறாமல் நிற்கும், இணைப்புச் சொல் மாறும். இங்கே தொடக்கத்திலுள்ள வினையே மாற வேண்டும். ஆகவே பாடத்தை இவ்வாறு திருப்பிக்கொண்டோம். ஒரு செய்தியைக் கொடுக்கிறோம். 2023 ஜூலையில் யமுனையின் நீர்மட்டம் டில்லியில் 208.66 மீட்டர் வரை உயர்ந்தது. 1978ஆம் ஆண்டின் அளவையும் மீறிற்று. நம் குழந்தைகளில் சிலர் அதைக் கண்ணால் கண்டவர்கள். மயூர் விஹார்ப் பக்கம் சாலையோரத்தில் கூடாரங்களையும் கண்டவர்கள். கரும்பலகையில் 'யமுனை பெருகு' என்று மட்டும் எழுதுகிறோம். ஈற்றைக் குழந்தை போட வேண்டும். வாக்கியத்தையும் முடிக்க வேண்டும்.

"யமுனை பெருகியதால் கரையோரத்தில் இருந்தவர்கள் வீட்டை விட்டுப் போனார்கள்." "யமுனை பெருகினால் பழைய இரும்புப் பாலத்தை மூடிவிடுவார்கள்." "யமுனை பெருகினாலும் எங்கள் வீடு நாலாவது மாடி." இதைச் சொன்ன சிறுவன் வாக்கியத்தை முடித்துவிட்டதாகவே எண்ணினான். பக்கத்தில் இருந்த சிறுமி, "ஆகையால் பயமில்லை என்று சொல்லு" என்று திருத்தினாள். 'பெருகியும்' என்பதற்குத்தான் நெடுநேரம் யாரும் வாய் திறக்கவில்லை. முடிவில் ஒரு பெண் குழந்தை சொன்னாள்: "யமுனை பெருகியும் எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை." ஆற்றிலே வெள்ளம், குழாயிலே வறட்சி. அந்த வாரத்தில் நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் சில மூடப்பட்டதை டில்லிவாசிகள் மறந்திருக்கமாட்டார்கள். ஓர் உம்மையைக் கொண்டு அந்தக் குழந்தை ஊரின் நிலையையே சொல்லிவிட்டாள். அவளுக்கு அதுவரையில் தெரிந்திராத சொல் அவ்வாக்கியத்தில் ஒன்றுகூட இல்லை.

எதிர்மறையில் குழந்தைகள் கூடுதலாக இடறுவார்கள். கிடைக்காமல், கிடைக்காததால், கிடைக்காவிட்டால், கிடைக்காவிட்டாலும் என்று வடிவங்கள் நீளுகின்றன. இதற்கு வகுப்பறையைவிட வீடே சிறந்த பள்ளி. தாய்மார்கள் தம்மை அறியாமலே நாள் முழுதும் இதைக் கற்பித்துக்கொண்டிருக்கிறார்கள். "படிக்கலேன்னா டி.வி. கிடையாது", "சாப்பிடாமப் போனா மயக்கம் வரும்" என்று கேட்டுக் கேட்டுக் குழந்தைக்கு அவ்வடிவங்கள் காதில் இருக்கின்றன. படிக்கவில்லை என்றால் என்பதன் சுருக்கமே அந்தப் 'படிக்கலேன்னா'. காதிலே இருப்பதை எடுத்து எழுத்திலே காட்டினால் "அட, இதுதானா!" என்று முகம் மலர்கிறது. பேச்சுத் தமிழைத் தாழ்வென்று ஒதுக்கிவிட்டு எழுத்துத் தமிழைக் கற்பிக்கப் புகும் ஆசிரியர், கட்டிய படிக்கட்டை இடித்துவிட்டு மாடிக்கு ஏறச் சொல்பவர்.

முன், பின் என்ற இரண்டையும் ஒரு வார்த்தையில் சொல்லிவிடுவோம். பின் என்பதற்கு இறந்தகாலம் வேண்டும். முன் என்பதற்கு வேண்டாம். 'சாப்பிட்ட பின்', 'சாப்பிடும் முன்'. நேற்று நடந்ததைச் சொன்னாலும் "நான் வரும் முன் ரயில் போய்விட்டது" என்பதே தமிழ். "வந்த முன்" என்று எழுதும் குழந்தை, நேற்று என்றால் இறந்தகாலம் என்ற பள்ளிப் பாடத்தை மிக ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறது என்று கொள்ள வேண்டும்.

பெயரெச்சத்தைக் குழந்தைகள் விரும்புகிறார்கள். ஆங்கிலத்தில் 'ஹூ', 'விச்', 'வென்', 'வேர்' என்று ஆளுக்கும் பொருளுக்கும் காலத்துக்கும் இடத்துக்கும் தனித்தனிச் சொல் தேட வேண்டும். இந்தியில் 'ஜோ' என்று தொடங்கி 'வஹ்' என்று மீண்டும் வந்து சேர வேண்டும். தமிழில் 'சமைத்த' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, சமைத்த பாட்டி, சமைத்த சோறு, சமைத்த பானை, சமைத்த வீடு, சமைத்த நாள் என்று போய்க்கொண்டே இருக்கலாம். சமைத்தவள் பாட்டி, சமைக்கப்பட்டது சோறு, பானை கருவி, வீடு இடம், நாள் காலம். உறவு ஒவ்வொன்றும் வேறு, சொல் ஒன்றே. இடம், பொருள், காலம், கருவி, செய்பவர், செயல் என்ற ஆறையும் தொல்காப்பியர் எண்ணி வைத்திருக்கிறார். வகுப்பில் ஒரு வினையைக் கொடுத்து ஆறு பெயர்களைத் தேடச் சொன்னால் குழந்தைகள் போட்டியிட்டுக்கொண்டு சொல்கிறார்கள். அதன்பின், "நேற்று ஒரு மாமா வந்தார். அவர் லட்டு கொடுத்தார். லட்டு இனித்தது" என்பதை "நேற்று வந்த மாமா கொடுத்த லட்டு இனித்தது" என்று சுருக்குவது அவர்களுக்கு மாயவித்தை போல இருக்கிறது.

இறுதியாக 'என்று'. குழந்தைகள் இந்தியிலிருந்து அப்படியே தூக்கிக்கொண்டு வருவது 'கி' என்ற சொல்லைத்தான். "அம்மா சொன்னாங்க கி நாளைக்கு லீவு" என்ற வாக்கியத்தை இவ்வூர்த் தமிழ் வீடுகளில் கேளாதவர் இலர். "நாளைக்கு விடுமுறை என்று அம்மா சொன்னார்" என்று வரிசையை மாற்றக் கற்பிக்க வேண்டும். சொன்னது முன்னே, சொன்னவர் பின்னே. இங்கே நுட்பம் ஒன்று உண்டு. "நான் வருகிறேன் என்று அண்ணன் சொன்னான்" என்றால் வருபவர் யார்? அண்ணனே. ஆனால் குழந்தை பேசும்போது கேட்பவர், குழந்தைதான் வரப்போகிறது என்று மயங்க இடமுண்டு. "தான் வருவதாக அண்ணன் சொன்னான்" என்றால் மயக்கமில்லை. 'தான்' என்ற இந்தச் சிறிய சொல் நம் குழந்தைகளின் பேச்சிலிருந்து மறைந்து வருகிறது. அதைக் காப்பாற்ற வேண்டும் என்பதிலே நாம் பிடிவாதமாக இருக்கிறோம். பிறர் சொன்னதைப் பிறர் சொன்னதாகவே தெளிவுபடக் கூறத் தெரியாத இடத்தில்தான் குடும்பத்தில் பாதிச் சண்டைகள் தொடங்குகின்றன!

இவ்வளவும் சொன்னதனால், குழந்தைகள் நீண்ட வாக்கியமாகவே எழுத வேண்டும் என்று நாம் விரும்புவதாக எண்ண வேண்டாம். அலுவலகச் சுற்றறிக்கை போல ஒரு பக்கத்துக்கு ஒரு முற்றுப்புள்ளி வைக்கும் எழுத்து நமக்கும் பிடிக்காது. மூன்று கருத்துகளுக்கு மேல் ஒரே வாக்கியத்தில் ஏற்ற வேண்டாம் என்றே பிள்ளைகளிடம் சொல்கிறோம். குறு வாக்கியம் வேண்டும் இடத்தில் குறு வாக்கியம் அழகு. ஆனால் வேறு வழி தெரியாததனால் குறு வாக்கியம் எழுதுவது வேறு. தெரிந்து எழுதுவது வேறு.

நம் சங்கத்தின் பழக்கத்தைப் பற்றியும் உரிமையோடு ஒன்று சொல்ல வேண்டும். ஆண்டுதோறும் குறள் ஒப்பித்தல் போட்டி நடத்துகிறோம். நூறு குறள் ஒப்பிக்கும் குழந்தைக்கு வெள்ளிக் கிண்ணம் கொடுக்கிறோம். மிக நல்ல காரியம். ஆனால் குறள்களிலே ஆயின், எனின், இன்றேல், உம் என்று இணைப்புகள் நிறைந்து கிடக்கின்றன. அந்த வெள்ளிக் கிண்ணத்தை வாங்கிய குழந்தையே, தான் ஏன் நேற்று வகுப்புக்கு வரவில்லை என்பதைத் தமிழில் சொல்ல முடியாமல் நிற்பதையும் பார்க்கிறோம். ஒப்பிப்பது பிறர் கோத்த மாலையை அணிவது. வாக்கியம் அமைப்பது தானே கோப்பது. முன்னதற்கு மேடையும் பரிசும் இருக்கின்றன. பின்னதற்கு ஒரு மூலையாவது வேண்டாமா?

ஆகவே செயற்குழுவின் முன் ஒரு வேண்டுகோளை வைத்திருக்கிறோம். அடுத்த ஆண்டு விழாவில் பத்து வயதுக்குட்பட்டவர்களுக்குக் கடிதப் போட்டி ஒன்று சேர்க்கப்பட வேண்டும். ஊரிலுள்ள தாத்தாவுக்கோ பாட்டிக்கோ, பெரியம்மாவுக்கோ சித்தப்பாவுக்கோ ஒரு பக்கக் கடிதம். அதில் ஒரு காரணம், ஒரு நிபந்தனை, "ஆனபோதிலும்" என்று ஒப்புக்கொண்டு மறுக்கும் ஓர் இடம், வேறொருவர் சொன்ன சொல் ஒன்று ஆகியவை வர வேண்டும். எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைக்கமாட்டோம். பெற்றோர் எழுதிக் கொடுத்த கடிதத்தை நமக்கு எளிதில் அடையாளம் தெரியும். அதில் பிழையே இராது. பரிசு பெற்றவை, பெறாதவை எல்லாவற்றையும் தபால்தலை ஒட்டி உரிய முகவரிக்குச் சங்கமே அனுப்பிவைக்கும்.

அதுவரையில் வீட்டிலே செய்யக்கூடியது ஒன்று உண்டு. குழந்தை 'க்யோங்கி' என்று தடைப்பட்டு நிற்கும்போது தொலைபேசியை வாங்கிவிடாதீர்கள். "தமிழில் பேசு" என்று அதட்டவும் வேண்டாம். அது திக்கித் திணறி இரண்டு துண்டாகச் சொன்னதை நீங்கள் ஒரே வாக்கியமாகச் சேர்த்து மெல்லச் சொல்லிக் காட்டுங்கள். "ஓ, டிக்கெட் கிடைக்காததால் வரமுடியவில்லை என்று பாட்டியிடம் சொல்ல வேண்டுமா?" என்று கேளுங்கள். தலையசைத்துவிட்டு அதுவே சொல்லும். முதல் நாள் உங்கள் சொற்களையே திருப்பிச் சொல்லும். நாலாம் நாள் ஈற்றை மட்டும் உங்களிடம் கேட்கும். மறுமுனையில் பாட்டி காத்திருப்பார். அவருக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

கடிதப் போட்டிக்குப் பெயர் கொடுக்க விரும்பும் குழந்தைகள், வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை வகுப்புக்கு வரும்போது முகவரியை மறவாமல் எழுதிக்கொண்டு வர வேண்டும். நாடகத்துக்கு நேரமாகிவிட்டதாகத் திரைக்குப் பின்னாலிருந்து சைகை வருவதால், இத்துடன் விடைபெறுகிறோம். வணக்கம்.